சுருட்டை முடிக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு நல்ல சலூன்

எனக்கு இருக்கிறது அலை அலையான முடி இல்ல, ஸ்பிரிங் மாதிரி இறுக்கமா சுத்திக்கிற முடி, எங்க போனாலும் ரீபாண்டிங் (கெமிக்கல் போட்டு முடிய நேராக்குறது) பண்ணிடலாமான்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துல மாடியில இருக்கிற இந்த சலூன்ல அந்த கேள்வியே வரல, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அங்க இருக்கிற அக்கா காஞ்ச முடியில சீப்பே வைக்கல, தண்ணி அடிச்சு, கண்டிஷனர் நெறையா போட்டு, விரலாலயே சிக்கெடுத்துட்டு அப்புறம்தான் அகலப்பல் சீப்பு, அதுவும் நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு மேல. ஈரத்துல இழுத்துப் பாத்தா தோளுக்கு கீழ வருது, காஞ்சா காதுகிட்ட ஏறிடுது!

முடி வளரவே மாட்டேங்குதேன்னு அந்த அக்காகிட்ட கேட்டேன். வளராம இல்லம்மா, மாசம் சுமாரா 1 செமீ வளருது, ஆனா தலையில சுரக்கிற எண்ணெய் சுருள்ல இறங்கி நுனிக்கு போறதில்ல, நுனி காஞ்சு ஒடையுது, வளர்ற அளவுக்கு ஒடைஞ்சா நீளம் எப்படி தெரியும்னு பொறுமையா சொன்னாங்க. எந்த பாட்டிலயும் தலையில கட்டல. குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய், தூங்க சாட்டின் தலகாணி உறை, இறுக்கிப் பின்னாதீங்க நெத்தியோரம் கொட்டும், அவ்ளோதான். பிளவுபட்ட நுனிய மட்டும் வெட்டுனாங்க, நீளத்துல கை வைக்கல.

சாதாரண ஹேர்கட்ட விட விலை கூட, நேரமும் ஆகும். பார்க்கிங் கிடைக்காது, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடுங்க. சனி ஞாயிறு வேணாம், கூட்டம்.