பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம்: மூன்று முறை போன அனுபவம்

இந்த மண்டபத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை போலீஸ் வேனில், ஒரு முறை சம்பந்தி வீட்டாரோடு ஆட்டோவில். பெயர் போட வேண்டாம் என்று ஓனர் கேட்டுக்கொண்டார். "போலீஸ் மண்டபம்னு பேராயிட்டா முகூர்த்தத்துக்கு யாரு டீச்சர் வருவா?" என்றார். நியாயம்தான்.

முதல் முறை 2019 ஜனவரி. பழைய பென்ஷன் கேட்டு, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம். மறியலில் உட்கார்ந்த எங்களை அள்ளிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். ஹால் நல்ல விசாலம், காற்றோட்டம் பிரமாதம். ஆனால் பெண்கள் பக்கம் நான்கே கழிப்பறை. மதியம் இரண்டு மணிக்கே டேங்க் காலி. சுகர் இருக்கிற டீச்சர்கள் பட்ட பாட்டை எழுத முடியாது. லெமன் சாதப் பொட்டலம் சுமார், ஊறுகாய் பரவாயில்லை. சங்கத் தலைவருக்கு மட்டும் ஏசி போட்ட மணமகள் அறை, எங்களுக்கு ஜமக்காளம். சாயங்காலம் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு விட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, வழக்கும் போட்டிருக்கிறார்கள் என்று.

2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அந்த வழக்குகளைக் கைவிடுவதாக முதல்வர் அறிவித்தார். சந்தோஷம்தான். ஆனால் நான் செய்தது குற்றம் என்றால் தேர்தல் வந்ததும் எப்படி மறைந்தது? குற்றமே இல்லை என்றால் இரண்டு வருஷம் எதற்கு இழுத்தார்கள்?

இரண்டாவது முறை 2023, ரிட்டயர் ஆன பிறகு. எங்கள் தெருமுனை டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லிப் பெண்கள் உட்கார்ந்தோம். பதினோரு மணிக்கு ஒரு கட்சிப் பிரமுகர் காரில் வந்தார், மைக்கில் பேசினார், "உடைங்கடா" என்றார். அவர் பையன்கள் கல்லை விட்டார்கள். போட்டோ எடுத்ததும் அவர் கிளம்பிவிட்டார். நாங்கள் வேனில் ஏறினோம். எஃப்.ஐ.ஆரில் என் பெயர் ஆறாவது. கடைசியில் "மற்றும் பலர்". அந்த "பலரில்"கூட அவர் இல்லை.

அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அதிகாரியின் உத்தரவை மீறியது), 341 (வழி மறித்தது). இதில் 188-க்குப் போலீசே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குள் பாஸ்போர்ட் புதுப்பிப்பது "வழக்கு நிலுவை" என்று நின்று, சிங்கப்பூரில் பேத்தி பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தேன்.

போராடுகிறவர் மேல் கையே வைக்கக் கூடாது என்று சொல்பவள் இல்லை நான். 2000 பிப்ரவரியில், கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்த அன்று, தருமபுரி இலக்கியம்பட்டியில் அவர் கட்சிக்காரர்கள் பஸ்ஸைக் கொளுத்தி மூன்று மாணவிகளைக் கொன்றார்களே, அதற்குப் பெயர் போராட்டமா? கொளுத்திய மூவருக்குத் தூக்கு விதித்து, 2016-ல் அதை ஆயுளாகக் குறைத்து, 2018-ல் விடுதலையும் செய்துவிட்டார்கள். கல்லெறிந்தவன், கொளுத்தியவன், எறியச் சொன்ன தலைவன், இவர்கள் மேல் வழக்குப் போடுங்கள்; எந்த ஆட்சி வந்தாலும் எடுக்காதீர்கள். எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கக் கூடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கட்டிய கடிவாளம் எனக்குப் பிடித்தது. பதவியில் இல்லாத பிரமுகர்களுக்கும் அதைக் கட்டலாம். சும்மா உட்கார்ந்தவர்களைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவதோடு விட்டுவிடலாமே.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறை சின்ன மகள் கல்யாணத்துக்காகப் பார்க்கப் போனது. ஒன்றரை நாள் வாடகை 85,000. கரண்ட், கிளீனிங் தனி. பந்தியில் 150 பேர் உட்காரலாம். ஜெனரேட்டர் உண்டு. கார் நிறுத்த இடம் போதாது. பெண்கள் கழிப்பறை எட்டாகியிருக்கிறது, டேங்கும் புதுசு. "உங்களாலதான் டீச்சர்" என்று ஓனர் சிரித்தார். போலீஸ் வாடகை கொடுக்குமா என்று கேட்டேன், அதற்கும் சிரித்தார். மணமகள் அறையில் ஏசி நன்றாகவே குளிர்கிறது; இப்போதுதான் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கலாம். முகூர்த்தத்தன்று ஏதாவது மறியல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "சாவி கொடுக்க மாட்டேன்" என்றார். அட்வான்ஸ் ரசீதுக்குப் பின்னால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.