எட்டு ஸ்பீக்கருக்கு எந்த மென்பொருள்?

அறையைச் சுற்றி வட்டமாக எட்டு ஸ்பீக்கர்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவரை ஓர் ஒலி சுற்றிவர வேண்டும். நிரல் எழுதி இதைச் செய்ய சூப்பர்கொலைடர், பியூர் டேட்டா, சிசவுண்ட் என்று மூன்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மூன்றிலும் முடியும்; எதில் தலைவலி குறைவு என்பதுதான் கேள்வி.

என் ஓட்டு சூப்பர்கொலைடருக்கு. அதிர்வெண் தரவேண்டிய இடத்தில் ஒரு எண்ணுக்குப் பதிலாக எட்டு எண்களை அடுக்கிக் கொடுத்தால் போதும், எட்டு ஒலிகள் தானாகவே உருவாகி எட்டு சேனல்களுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கு ஓர் ஒலிப்பாதை) பிரிந்து போகும். வட்டத்தில் ஒலியைச் சுழற்றுவதற்கென்றே பான்ஏஇசட் (PanAZ) என்ற கட்டளை இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் வெளியீட்டு சேனல்களின் எண்ணிக்கையை சர்வரை, அதாவது ஒலியை உருவாக்கும் பகுதியை, தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. முதல் இரண்டைத் தவிர மற்ற ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கும். கேபிளைப் பிடுங்கிச் சொருகி அரை நாள் போய்விடும்!

பான்ஏஇசட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஸ்பீக்கர்கள் சம இடைவெளியில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். நிஜ அறையில் கதவு இருக்கும், தூண் இருக்கும். இங்கேதான் சிசவுண்ட் முந்துகிறது. 1986இல் எம்ஐடியில் பாரி வெர்க்கோ உருவாக்கிய பழைய மென்பொருள்தான், எழுதும் முறையும் பழசுதான். ஆனாலும் வில்லே புல்க்கி 1997இல் வெளியிட்ட விபிஏபி (VBAP) என்ற, ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் முறை இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், எதில் எவ்வளவு சத்தம் என்பதை அதுவே கணக்கிடும். எட்டு சேனல் கோப்பாக எழுதி வைத்துக்கொள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியை ஸ்பீக்கர்களோடு இணைக்கும் பெட்டி) கூட வேண்டாம்.

பியூர் டேட்டாவில் பெட்டிகளை வயரால் இணைக்க வேண்டும். முன்பு எட்டு சேனலுக்கு எட்டு வயர் இழுத்துத் திரை சிக்கலாகிவிடும். 2023இல் வந்த 0.54 பதிப்பிலிருந்து ஒரே வயரில் பல சேனல்கள் போகின்றன. நிரல் தெரியாதவர் பார்த்துக்கொள்ளப்போகும் கண்காட்சிக்கு இதையே எடுங்கள். எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மூன்றையும் கலந்து பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: சூப்பர்கொலைடரில் முதல் ஸ்பீக்கரின் எண் 0, மற்ற இரண்டிலும் 1. அப்புறம், எதை எடுத்தாலும் விண்டோஸில் ஏஎஸ்ஐஓ (ASIO) என்ற ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது இல்லாமல் பல இன்டர்ஃபேஸ்கள் இரண்டு சேனலை மட்டுமே காட்டும்.