48,500 ரூபா போனது: சிவி செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவி செய்து தருகிறோம் என்று என்னிடம் காசு வாங்கினவர்கள், இன்று காலை பத்து மணிக்கு என்னைத் தங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது காசு கட்டுமுன் இதைப் பார்க்க வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கல்லடி. எச்.என்.டி.ஐ.டி. என்ற ஐ.டி. டிப்ளோமா முடித்து ஒன்பது மாதம். ட்ரெய்னி, இன்டர்ன் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தேன். முப்பதுக்கு மேல் போட்டிருப்பேன். இரண்டு இடத்திலிருந்துதான் பதிலே வந்தது, அதுவும் வேறு ஒருவரை எடுத்துவிட்டோம் என்று. அந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. ஐ.டி. வேலைக்கு சிவி, லிங்க்ட்இன் பக்கம், நாம் எழுதிய ப்ரொஜெக்டுகளைப் போட்டுக் காட்டும் கிட்ஹப் பக்கம் எல்லாம் செய்து தருகிற ஓர் ஒன்லைன் இடம். ‘ஆயிரம் பேருக்குள் நீங்கள் தனித்துத் தெரிய வேண்டும்’ என்று போட்டிருந்தார்கள். 45 நாளில் மூன்று இன்டர்வியூ நிச்சயமாம்.

எண்ணைக் கொடுத்து அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது. கொழும்புப் பேச்சாக இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். அந்த ஆள் எடுத்த எடுப்பில், “தங்கச்சி, நானும் நம்ம ஊர்தான், களுவாஞ்சிக்குடி. நம்மட பிள்ளைகள் படிச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறதப் பார்க்கேலாமத்தான் இதச் செய்றன்” என்றார். என் சிவியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் குறை சொன்னார். கொம்பனிகளில் ஏ.டி.எஸ். என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அது சிவியை வடிகட்டித் தள்ளிவிடும், உங்கள் சிவியை மனிதக் கண் பார்த்தே இருக்காது என்றார். ஒன்பது மாதமாக ஏன் எவரும் பதில் போடவில்லை என்று தூக்கம் இல்லாமல் கிடந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? காரணம் தெரிந்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது. “அழாதீங்க தங்கச்சி, அண்ணன் இருக்கிறன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் விழுந்தேன்.

48,500 ரூபா. அம்மா தன் காப்பை அடகு வைத்து 35,000 தந்தார். மிச்சம் 13,500 நான் ஓ.எல். பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது. “உனக்கு வேலை கிடைச்சா ரெண்டு மூணு மாசத்தில மீட்டிரலாம் மகள்” என்றார் அம்மா. பாலம் தாண்டி டவுனுக்குப் போய் வைப்பு மெஷினில் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. நிறுவனக் கணக்கு இல்லையா என்று கேட்டேன். பதிவு நடந்துகொண்டிருக்கிறது என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். அடுத்து அடையாள அட்டைப் படம் கேட்டார், லிங்க்ட்இன், கிட்ஹப் கடவுச்சொற்களைக் கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தேன்.

பத்து நாளில் சிவி வந்தது. பார்க்க அழகுதான். இரண்டு பத்தி, நீல நிறம், ‘ஜாவா 90%’ என்று பட்டைகள். பிறகுதான் கவனித்தேன், அந்த பி.டி.எஃப்.பில் ஓர் எழுத்தைக்கூடத் தெரிவு செய்ய முடியவில்லை. முழுவதும் ஒரே படம். எழுத்தே இல்லாத படத்திலிருந்து அந்த ஏ.டி.எஸ். எதை வாசிக்கும்? எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அதிலேயே என்னைக் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்கள். கூடவே ஒரு ‘கிளவுட் சான்றிதழ்’. சரிபார்க்க ஓர் இணைப்பும் இல்லை, இலக்கமும் இல்லை.

கிட்ஹப்பில் ஒரு பெரிய ஹோட்டல் புக்கிங் ப்ரொஜெக்ட் ஏறியிருந்தது. நான் செய்தது அல்ல. கேட்டதற்கு, மாதிரிக்குத்தான், எல்லோருக்கும் இப்படித்தான் போடுவோம் என்றார். நானே செய்திருந்த ஒரேயொரு ப்ரொஜெக்டைக் காணவில்லை. நாவற்குடாவில் மாமாவின் கடைக்கு நான் செய்த ‘கடன் கொப்பி’ அப் அது. கரண்ட் போய் இணையம் இல்லாத நேரமும் போனிலேயே பதிந்துகொள்ளும், இணையம் வந்ததும் மற்றப் போனுக்குப் போகும். பெயரைத் தமிழில் தேடலாம். மாமா இன்றுவரை அதில்தான் கணக்கு வைக்கிறார். “அது ஊர்க் கடை விஷயம் தங்கச்சி, பெரிய கொம்பனிக்காரன் சிரிப்பான்” என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். மறைத்து வைத்தாரோ என்று தேடினேன். இல்லை, அழித்தே விட்டார்கள். என் லப்டொப்பில் பிரதி இருந்ததால் தப்பியது.

இவர்கள் நிச்சயம் என்ற மூன்று இன்டர்வியூவில் ஒன்றுகூட வரவில்லை. என்னோடு படித்த ஓர் அக்கா தன் கொம்பனியில் என் பெயரைக் கொடுத்து ஒன்று வாங்கித் தந்தார். நேற்று முன்தினம், சூமில். முதல் கேள்வியே, இந்த நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தீர்களா என்று. எந்த நிறுவனம்? சிவியின் இரண்டாம் பக்கத்தில் நான் கேள்விப்படாத ஒரு பெயரைப் போட்டு இரண்டு வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் அனுப்பிய வடிவில் அது இல்லை. ‘இறுதி வடிவம்’ என்று பிறகு அனுப்பியதில் சேர்த்திருக்கிறார்கள். நான் அதைத் திரும்ப வாசிக்காமல் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து இன்டர்வியூ எடுத்தவர் அந்த ஹோட்டல் ப்ரொஜெக்டைத் திரையில் திறந்தார். கிட்ஹப்பில் உள்ள ப்ரொஜெக்டில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் கொமிட் என்பார்கள், அதில் எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகும். திகதிகளை மாற்றி, ஆறு மாதமாக நான் வேலை செய்தது போல, வேலை செய்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் என் பக்கத்தில் வர வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் சில கொமிட்களில் வேறு ஒருவரின் மின்னஞ்சல் அப்படியே கிடந்தது. “இது யார்?” என்று கேட்டார். பிறகு இன்னும் இரண்டு பேருடைய பக்கத்தைக் காட்டினார். அதே ப்ரொஜெக்ட், அதே விளக்கம், அதே எழுத்துப்பிழை. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “நீங்களே செய்தது ஏதாவது உண்டா?” என்றார். கடன் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நிமிடம் கவனமாகக் கேட்டார், இணையம் வந்ததும் ஒரே கணக்கை இரண்டு போனிலும் மாற்றியிருந்தால் என்ன செய்வாய் என்று கேள்விகூடக் கேட்டார். இணைப்பு அனுப்பு என்றார். அப்போது என்னிடம் இணைப்பு இல்லை. இருந்த இடத்தில் ஹோட்டல் ப்ரொஜெக்ட்தானே இருக்கிறது. அக்காவின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

அன்று மாலையே காசைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அழைத்தால் ரிங் போகிறது, எடுக்கவில்லை. இரவு வேறொரு பெண் எடுத்து, மெடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். எந்த மெடம்? இதுவரை ‘அண்ணன்’தானே இருந்தார்? நேற்று, “சேவை வழங்கப்பட்டுவிட்டது, பணம் மீளளிக்கப்படமாட்டாது” என்று ஒரு வரி வந்தது. அண்ணன் என்று நம்பிய அந்த ஆள் கடைசியாக ஒரே ஒரு குரல் பதிவு போட்டார்: “நீங்க இன்டர்வியூல ஒழுங்காப் பேசல்ல, அதுக்கு நாங்க என்ன செய்ய?” 48,500 ரூபாவை வாங்கிக்கொண்டு இதைச் சொல்கிறார்! குழுவில் இதை எழுதினேன். நான்கு நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாளை அவர்கள் கொடுத்த முகவரிக்கு அனுப்பினேன். அது ஒரு போட்டோ கொப்பிக் கடை. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, இதற்கு முன்பும் இரண்டு பேர் தேடி வந்தார்களாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். கடவுச்சொல்லையும் அடையாள அட்டைப் படத்தையும் எவருக்கும் கொடுக்காதீர்கள், கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள், அது இருந்தால்தான் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடும்போது கையில் ஏதாவது இருக்கும். சிவியை அனுப்புமுன் கடைசி வடிவத்தை வரி வரியாக வாசியுங்கள். நீங்கள் செய்த சின்ன வேலையை எவர் சொன்னாலும் அழிக்க விடாதீர்கள்.

கடன் கொப்பியை மத்தியானம் திரும்ப ஏற்றிவிட்டேன், அந்த இன்டர்வியூ எடுத்தவருக்கு நடந்ததைச் சொல்லி இணைப்பும் அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை பொலிஸுக்குப் போகிறேன். களுவாஞ்சிக்குடி என்று சொல்லி இப்படி அழைப்பு வந்தவர்கள், காசு கட்டினவர்கள், குரல் பதிவோ வைப்புத் துண்டோ இருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். தனியாகப் போனால் ஒரு 48,500. பத்துப் பேராகப் போனால் அப்படித் தள்ளிவிட முடியாது.