மூவர் குரலா, பாடகர் குழுவா?

ஐரிஷ் நாட்டுப்பாடலை வாத்தியம் இன்றிப் பல குரல்களில் பாட இரண்டு வழிகள் உள்ளன: தி வாய்ஸ் ஸ்குவாட் போல மூன்று ஆண்குரல்களோடு நிறுத்திக்கொள்வது ஒன்று, மைக்கேல் மெக்லின் 1987இல் டப்ளினில் தொடங்கிய அனூனாவைப் போல, பாடகர் குழுவுக்கென எழுதுவது மற்றொன்று.

கனமாரா போன்ற ஐரிஷ் மொழிப் பகுதிகளின் ஷான்-நோஸ் பாணியில் ஒருவரே, தாளக்கட்டுக்குள் அடங்காமல், நுண்ணிய அசைவுகளோடு பாடுவார். மூவர் பாடும்போது, மெட்டைப் பாடுபவர் ஒரு சொல்லைச் சற்று நீட்டினாலும் மற்ற இருவரும் அவருடைய மூச்சைக் கேட்டே உடன் நகர்ந்துவிட முடியும். பெரிய குழுவில் கால அளவை எழுதித்தான் ஆகவேண்டும். அந்த அசைவுகளில் பல அங்கேயே கரைந்துவிடுகின்றன. ஆனால் குழு தரும் ஒலியின் அகலம் மூவருக்கு எட்டாது.

‘ஷி மூவ்டு த்ரூ த ஃபேர்’ பாடலின் மெட்டு மிக்சோலிடியன் என்னும் சுர வரிசையைச் சேர்ந்தது. அதன் ஏழாம் சுரம் அரைச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். ஹார்மனி, அதாவது மெட்டோடு இணைந்து ஒலிக்கும் துணைக்குரல்களை, எழுதுபவர் பழக்க தோஷத்தால் அதை உயர்த்தி, பாடநூல் முறையில் முடித்துவைத்தால், பாட்டின் குணமே போய்விடும். கீழ்க்குரல் ஆதார சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் விடாமல் பிடித்து நின்றாலே போதும். இத்தகைய நிதானமான பாடல்களுக்கு மூவரே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. தாளம் துள்ளும் பாடல்களுக்குக் குழுவையே தேர்வேன்.