உப்பு எடுக்கும் எண்டு சொல்லி 38,500 ரூபாக்கு ஃபில்டர் தந்து பேய்க்காட்டிட்டாங்கள், கவனம்

கோவத்தில எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பாக்காதேங்கோ. திருகோணமலை டவுனுக்குள்ள வீட்டுச் சாமான் விக்கிற கடை ஒண்டு. பேர் போடேல்ல, போட்டா பிறகு அதுக்கும் சண்டைக்கு வந்து நிப்பாங்கள். கரண்ட் வேண்டாம், மேல ஊத்தினா தானா கீழ வடியிற ரெண்டு தட்டு ஸ்டீல் ஃபில்டர் இருக்கெல்லே, அதுதான். 38,500 ரூபா. முழுக் காசும் கையில எண்ணிக் குடுத்தது.

நாங்க இருக்கிறது உப்புவெளிப் பக்கம், வாடகை வீடு, பைப் லைன் இன்னும் எடுக்கேல்ல, கிணறுதான். மாசி பங்குனில பரவாயில்லாம இருக்கிற தண்ணி கச்சான் காத்து அடிச்சு ஆடி ஆவணி வந்தா ஒரே சவர், தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போட்டாலும் அடில அந்த உப்பு நிக்கும். அம்மாக்கு பிரஷர், டொக்டர் உப்பக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அதால குடிக்க எண்டு 20 லீட்டர் கேன் வாங்கி வாங்கியே காசு போகுது. உப்புத்தான் எங்கட பிரச்சினை, வேற ஒண்டும் இல்ல. இத கடைக்குள்ள ஏறின உடனேயே அந்தத் தம்பிட்ட சொன்னனான், அம்மாவும் பக்கத்தில நிண்டவ.

அவன் என்ன செய்தான் தெரியுமோ, ஒரு போத்தல் தண்ணிக்குள்ள பேனை மைய விட்டுக் கலக்கினான், நல்ல நீலம், அத ஃபில்டர்ல ஊத்தினான், கொஞ்ச நேரத்தில கீழ டப்பைத் திறந்தா கண்ணாடி மாதிரித் தண்ணி. பாதிய தான் குடிச்சிட்டு மற்றக் கிளாச அம்மாட கையில குடுத்து "குடிச்சுப் பாருங்கோ அம்மா" எண்டான். நான் அப்பவும் விடேல்ல, உப்பும் போகுமோ எண்டு திருப்பிக் கேட்டன். "அக்கா, மையே போகுது, உப்பு போகாதே?" எண்டு ஒரு சிரிப்பு. அம்மா அந்தத் தம்பிக்கு நல்லா இருப்பாய் எண்டு சொல்லிட்டு வந்தவ, அத நினைக்கத்தான் எனக்கு இன்னும் எரியுது.

வீட்ட வந்து கிணத்துத் தண்ணி ஊத்தினா அதே சவர். பிறகு ஒருத்தர் டிடிஎஸ் மீற்றர், அதான் தண்ணில கரைஞ்சு கிடக்கிற உப்புகள அளக்கிறது, கொண்டுவந்து பாத்தார், லீட்டருக்கு மேல் தண்ணி 1,180 மில்லிகிராம், கீழ வடிஞ்ச தண்ணி 1,170. 600க்குள்ள இருந்தாத்தான் ருசி நல்லம் எண்டும் 1,000 தாண்டினா வாயில வைக்கக் கஷ்டம் எண்டும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்ப பாருங்கோ. மை போறதுக்குக் காரணம் கேண்டில் எண்டுற, மேல் தட்டுக்குள்ள நிக்கிற வடிகட்டிக் குழாய்க்குள்ள இருக்கிற கரி, அது நிறத்தையும் குளோரின் மணத்தையும் பிடிச்சு வைக்கும். கேண்டில்ட சுவர்ல இருக்கிற நுண்ணிய துளை கிருமியையும் ஊத்தையையும் மறிக்கும். கரைஞ்ச உப்பு அதுக்குள்ளால சும்மா போகும். உப்பப் பிரிக்க ஆர்ஓ, அதான் தண்ணிய மெல்லிய சவ்வுக்குள்ளால தள்ளி உப்ப மறிக்கிற மெசின், வேணும், அதுக்கு பம்ப் போட்டு பிரஷர் குடுக்கோணும், ஒரு அடி உயரத்தில நிக்கிற தண்ணிட பாரத்தால அது நடக்கவே நடக்காது. இது விக்கிறவனுக்குத் தெரியாமலோ? எல்லாம் தெரிஞ்ச பம்மாத்து.

இன்னொண்டு, மேல் தட்டு நிறைய ஊத்தினா அரை மணித்தியாலத்தில காலி. கடையில "பாருங்கோ என்ன ஸ்பீட்" எண்டு இதத்தான் பெருமையா சொன்னவன். கேண்டில் ஒண்டால மணித்தியாலத்துக்கு ஒண்டு ரெண்டு லீட்டர் வடிஞ்சாலே பெரிய விசயம். சந்தேகத்தில கேக்குக்குப் போடுற சிவப்புக் கலர ஊத்திப் பாத்தன், கீழ ரோஸ் தண்ணி வருது! கழட்டிப் பாத்தா ஒரு கேண்டில்ட அடி வாஷர் மடிஞ்சு போய் நட்டுக்குள்ள சரிஞ்சு கிடக்கு, தண்ணி கேண்டிலத் தொடாமலே பக்கத்தால இறங்கியிருக்கு. உப்பு மட்டும் இல்ல, கிருமியும் போகேல்ல, அவ்வளவு நாளும் கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைக்காமலே குடிச்சிருக்கிறம்.

கடைக்குப் போனா முதல் பதில், "கேண்டில் செட் ஆகோணும் அக்கா, ஒரு கிழமை பாருங்கோ". பிறகு, உங்கட கிணறு பிழை. பிறகு "உப்புக்கு எண்டு வேற கேண்டில் இருக்கு, 9,500 தான்" எண்டு அதுக்கும் ஒரு பெட்டிய எடுத்துக் காட்டுறான். நான் காசத் திருப்பித் தாங்கோ எண்டதும் பாவிச்ச சாமான் சுகாதாரப் பிரச்சினை எடுக்க ஏலாது, முதலாளி கொழும்புக்குப் போட்டார், அவர் வந்தாத்தான் கதைக்கலாம். முதலாளிட வாட்ஸ்அப்புக்கு மீற்றர் வீடியோ அனுப்பினன், நீலக் கோடு விழுந்துது, பதில் இல்ல, அடுத்த நாள் அவற்ற படத்தையும் காணேல்ல. பில்லத் தேடி எடுத்தா "வாட்டர் ஃபில்டர் 1 - 38,500" எண்டு மட்டும் கிடக்கு, மொடல் இல்ல, வாரண்டி எண்டு வாயால சொன்னதும் இல்ல.

வாங்க நினைக்கிறாக்கள் என்னென்ன பாக்கோணும் எண்டு வடிவா எழுதத்தான் தொடங்கினன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. சவர்த் தண்ணி எண்டா இந்த வகை ஃபில்டரே வாங்காதேங்கோ. பைப் தண்ணிக்கோ உப்பில்லாத கிணத்துக்கோ எண்டா நல்ல சாமான்தான், அதுல எனக்குக் கோவம் இல்ல. மை வித்தை காட்டினா உங்கட கிணத்துத் தண்ணிய ஒரு போத்தல்ல கொண்டுபோய் அதையே ஊத்தச் சொல்லி நாக்கில வச்சுப் பாருங்கோ. கெதியா வடிஞ்சா சந்தோசப்படாதேங்கோ, வாஷரையும் கேண்டில்ல வெடிப்பையும் பாருங்கோ. சோப் போட்டுக் கேண்டில் கழுவாதேங்கோ. உப்பு எடுக்கும் எண்டு சொன்னா அத பில்லில எழுதித் தரச் சொல்லுங்கோ, எழுத மாட்டான்.

நுகர்வோர் அதிகார சபைட 1977க்கு அடிச்சு முறைப்பாடு குடுக்கப் போறன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இதே மை வித்தையப் பாத்து வாங்கினாக்கள் இருந்தா பில் படத்தோட இன்பொக்ஸ் வாங்கோ, சேந்து குடுப்பம். 38,500 ரூபா, விடமாட்டன்.