பிளகின் கேட்கும் பழைய வெப்சைட்டா? குமுளியில் இந்தக் கடைக்குப் போங்க

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவே மாடியில் இருக்கிற பிரவுசிங் சென்டர். போர்டு மலையாளத்தில், உள்ளே பேச்சு முழுக்கக் கம்பத்துத் தமிழ்.

ஏலக்காய் வாங்கும் கம்பெனி ஒன்றின் சைட்டில் பாஸ்புக், ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த பிரவுசரில் திறந்தாலும் அப்லோட் பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம், பிளகின் (பிரவுசரோடு தனியாகச் சேர்க்கிற துணை மென்பொருள்) இல்லையாம். கீழே ஒரு கடையில் அந்த பிளகினான பழைய பிளாஷ் பிளேயரை எங்கிருந்தோ இறக்கிப் போடுகிறேன் என்றார்கள், வேண்டாம் சாமி என்று கிளம்பிவிட்டேன். அதைத் தயாரித்த அடோபி கம்பெனியே அதை 2020 டிசம்பர் 31-உடன் கைவிட்டு, 2021 ஜனவரி 12 முதல் எதுவும் ஓடாதபடி முடக்கியும்விட்டது, இன்றைக்கு அந்தப் பெயரில் கிடைப்பது என்ன சரக்கோ யார் கண்டது.

இந்தக் கடைத் தம்பி எதையும் இறக்கவில்லை. பக்கத்தைக் கடைசிவரை உருட்டிப் பார்த்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த 'சாதாரண அப்லோட்' லிங்க்கைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் பிரவுசரின் சொந்த பட்டன் ஒரு தடவைக்கு ஒரு பைலைத்தான் எடுக்கும், எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் காட்டாது, அதனால்தான்ணே பிளாஷையும் ஜாவாவையும் நடுவில் சொருகினார்கள், சில சைட்டில் பழைய வழியையும் மூடாமல் விட்டிருப்பார்கள் என்றார். ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடிந்தது. பெரிய பைல் ஏறவில்லை. பல சைட்டுகள் ஓடுகிற பிஎச்பி என்ற மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் ஒரு பைலுக்கு வரம்பு 2 எம்பிதானாம், கருப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்து சுருக்கினார், ஏறிவிட்டது.

பக்கத்தில் ஒருவர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு (பென்டிரைவ் மாதிரி இருக்கும்) உட்கார்ந்திருந்தார், அவருக்கு வேண்டிய சைட்டுக்கு ஆக்டிவ்எக்ஸ் வேண்டும், அது பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசருக்கான பிளகின் வகை. அதற்குத் தம்பி மைக்ரோசாப்டின் எட்ஜ் பிரவுசரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோடு போட்டுக் கொடுத்தார். பிளாஷ் அதிலும் ஓடாது, ஆக்டிவ்எக்ஸ் ஓடும். அந்த மோடில் திறக்க நாமே சேர்க்கிற சைட் முகவரி 30 நாள்தான் நிற்கும், அப்புறம் திரும்பச் சேர்க்கணும் என்பதையும் கேட்காமலே சொன்னார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கேனுக்குக் கூடுதலாகத்தான் வாங்குகிறார்கள். அதைவிட மோசம், ஸ்கேன் செய்ததையெல்லாம் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், முன்னால் வந்த யாருடைய ஆதாரோ என் கண்ணில் பட்டது. கூடவே நின்று உங்கள் பைலை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்க வையுங்கள், லாக் அவுட் செய்தாரா என்றும் பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் போவதாக இருந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள், சபரிமலை வண்டிகள் சேர்ந்துவிட்டால் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலேயே பாதி நாள் போய்விடும்.