கடலோரக் கல்யாணம்: மணலிலா, புல்தரையிலா?

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்யாணம் என்றால் முதல் கேள்வி இதுதான். மணலில் வேலை இரட்டிப்பு. பந்தக்கால் மூன்றடியாவது இறங்கி ஈரமணலைத் தொட வேண்டும், மேல்மணல் பிடிக்காது. நாற்காலிக் கால் புதையும் என்பதால் பெரியவர்கள் வரிசைக்காவது ப்ளைவுட் விரியுங்கள். ஓமகுண்டத்துக்கு மூன்று பக்கமும் தகரத் தடுப்பு இல்லையென்றால் சாம்பல் கூறைப்புடவையில்தான். கோடையில் கடற்காற்று நண்பகலை ஒட்டியே வலுக்கும். காலை 6 - 7.30 முகூர்த்தமே உத்தமம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், இரவில் மணலில் விளக்கு வேண்டாம்.

ரிசார்ட் புல்தரையில் இந்தத் தொல்லை பாதிதான். மழை வந்தால் உள்ளே ஓட ஹாலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமா? யோசிக்காமல் இதையே எடுங்கள்.

இன்னொன்று: மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் கடல் அவர்கள் எதிரில், மேடையை எங்கே போட்டாலும் தாலி கட்டும் படத்தில் அலை விழாது.